கத்திய தவளை

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய கிணற்றில் ஒரு தாய்த் தவளை இருந்தது. சுரங்கம் ஆழமாகப் போகப்போகக் கிணற்றுத் தண்ணீர் துருப்போலச் சிவந்தது. தவளையின் தலைப்பிரட்டைகள் எல்லாம் செத்து மிதந்தன. மற்ற தவளைகள் கிணற்றை விட்டுப் போய்விட்டன.

"தண்ணீரைச் சோதிக்க வருவார்கள். நடந்ததைச் சொல்ல ஒருத்தியாவது வேண்டாமா?" என்று இது மட்டும் தங்கிவிட்டது.

ஒருநாள் கயிற்றில் கட்டிய புட்டி ஒன்று கிணற்றுக்குள் இறங்கியது.

"அடியிலிருந்து அள்ளு! விஷம் அங்கேதான் இருக்கிறது," என்றது தவளை.

"எவ்வளவு ஆழம் இறக்குகிறார்களோ, அவ்வளவுதான் நான் போக முடியும்," என்றது புட்டி.

"என் பிள்ளைகள் செத்துக் கிடக்கிறார்கள், நீ ஆழம் பேசுகிறாயா?"

ஆத்திரத்தில் தவளை புட்டியின் மேல் தாவி உட்கார்ந்து, அதனோடு மேலே வந்தது. தண்ணீரைச் சோதிக்க வந்திருந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியது.

அதிகாரி உதவியாளரைப் பார்த்துச் சிரித்தார். "எவ்வளவு தெம்பா இருக்கு பாருய்யா! இதுல தவளையே வாழுது. தண்ணிக்கு என்ன குறைச்சல்?"

தவளையைத் தட்டிவிட்டு, புட்டியிலிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினார். தவளை முன்னைவிட உரக்கக் கத்தியது.

"கேட்டியா, இன்னும் தெம்பு கூடுது," என்றபடி அவர் வண்டியில் ஏறினார்.