மூன்றாம் கியர்

தூக்கி நிறுத்திய காரின் அடியில் மெக்கானிக் நிற்கிறான். கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றிய இடத்திலிருந்து கியர் எண்ணெய் சிவப்பாகச் சொட்டுகிறது. அண்ணனின் கார். "கியர் இடிக்குதுடா, ஒரு தடவை பாரேன்" என்று அண்ணன் ஒரு மாதமாகச் சொன்னார். இவன் நாளைக்கு, நாளைக்கு என்றான். போன வாரம் நெஞ்சுவலியோடு அவரை ஏற்றிக்கொண்டு அண்ணி ஓட்டியபோது, வண்டி மூன்றாம் கியரிலேயே சிக்கி மேட்டில் ஊர்ந்தது. ஆஸ்பத்திரி சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கியரைத் தானாக மாற்றிவிடும் சோலனாய்டுகளை இவன் மீட்டரால் ஒவ்வொன்றாகத் தொடுகிறான். இரண்டு சரியாக இருக்கின்றன. மூன்றாவதன் சுருள் அறுந்திருக்கிறது. கழற்றி உள்ளங்கையில் வைக்கிறான். கட்டைவிரல் அளவுகூட இல்லை. அண்ணி அருகில் வந்து பார்க்கிறாள். "இதுதானா?" "இதுதான் அண்ணி." "மாத்த எவ்வளவு நேரமாகும்?" பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "ஒரு மணி நேரம்." அவள் அழவில்லை. ஷட்டர் வரை வந்து நிற்கும் வெயிலைப் பார்க்கிறாள். "சரி, மாத்திடுங்க தம்பி. பிள்ளைங்களை ஸ்கூல்ல விடணும்." புதியதைப் பொருத்தி போல்ட்டை முறுக்குகிறான். இறுக்கம் அளவுக்கு வந்ததும், போதும் என்று ஸ்பேனர் 'டிக்'கென்கிறது. கை மறுபடியும் முறுக்குகிறது.