வட்டத்தின் தலை

"இதுல தலைவன் எவன்? இப்படி வட்டமா எழுதி வெச்சா முதல் எது, முடிவு எது?"

தளபதி சதமுனே எரிச்சலோடு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிரபுவுக்கு எதிராகக் கலகம் செய்து தோற்ற மியோசே குலத்தாரின் சத்தியப் பத்திரம் அது. தலைவன் யாரென்று தெரியாதிருக்க, குடைக் கம்பிகள் போலச் சுற்றிலும் பன்னிரண்டு பெயர்கள்.

பதினோரு பேர் எதிரே கட்டுண்டு மண்டியிட்டிருந்தார்கள். பத்திரத்தைத் தானே கொண்டுவந்து கொடுத்த முதியவர் மொரிமாசா மட்டும் முதுகு வளையாமல் அமர்ந்திருந்தார்.

"தலைவன் தலை ஒண்ணு போதும். மத்தவங்க வீட்டுக்குப் போகலாம். பிரபு வாக்கு. நண்பகலுக்குள்ள சொல்லலேன்னா பன்னிரண்டும் உருளும். மியோசேன்னு சொல்லிக்க ஒரு குஞ்சு மிஞ்சாது!"

"நான்தான் தலைவன்!" என்று கத்தினான் தகாசுகே.

"இல்ல, நான்!" "நான்!" என்றார்கள் மற்ற பத்துப் பேரும்.

"அடேங்கப்பா, ஒரு குலத்துக்குப் பதினோரு தலையா! பெரியவரே, நீர் ஏன் வாயைத் திறக்கல?"

"சந்தையில கூவுறவன் சரக்கு மட்டமாத்தான் இருக்கும். என் பேரும் அதுல இருக்கு. படிக்கத் தெரியுமில்ல?"

சதமுனே முறைத்தான். காகிதத்தை வெயிலில் பிடித்தான். சட்டென்று சிரித்தான்.

"வட்டத்துக்குத் தலை இல்ல, தூரிகைக்கு இருக்கே! ஒரே தூரிகை கை மாறியிருக்கு. மை தோய்ச்சதும் எழுதின முதல் பேருதான் கருகருன்னு இருக்கும். எல்லாம் மங்கல், இது மட்டும் காக்கா கறுப்பு!"

அவன் விரல் மொரிமாசாவின் பெயர்மேல் நின்றது.

"ஐயா, சித்தப்பாவுக்கும் இதுக்கும்..." என்று தகாசுகே பதறினான்.

"வாயை மூடுடா! பெரியவங்க பேசும்போது குறுக்க வர்றதுதான் மியோசே வீட்டு மரியாதையா?"

தகாசுகேயை அதட்டிவிட்டு முதியவர் தளபதியிடம் திரும்பினார். "கண்டுபிடிச்சுட்டீங்க. முதல்ல இவங்க கட்டை அவிழுங்க. அப்புறம் என் குறுவாளைக் கொடுங்க. சாகிற முறை எனக்குத் தெரியும்."

பதினோராவது கயிறு அறுபடும்வரை பார்த்திருந்துவிட்டே, அவர் வாளுக்குக் கை நீட்டினார்.

தகாசுகே தரையில் நெற்றியைப் பதித்தான். மூன்று மாதமாக அவன் கவசத்துக்குள் வியர்வையில் ஊறி மங்கிய அந்த வட்டத்தில் பதினோரு பெயர்கள்தான் இருந்தன. கலகம் பைத்தியக்காரத்தனம் என்று கையெழுத்திட மறுத்துவிட்ட சித்தப்பா, இன்று காலைதான் அவன் கழற்றிய கவசத்திலிருந்து அதை எடுத்து, தன் பெயரையும் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.