நாவல் மரப் பொந்து

நாவல் மரத்தடியில் இஸ்திரி போடும் பொன்னுரங்கத்துக்கு அன்று தலைகால் புரியவில்லை. போன மாதம் மரப்பொந்துக்குள் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்துப்போன ஆராய்ச்சிக்காரப் பெண், முகக்கவசத்தோடு திரும்பி வந்திருந்தாள்.

"நூத்திப் பன்னண்டு மரம் பார்த்தோம்ணே. நாங்க தேடுற விஷப் பூஞ்சை இதுல மட்டும்தான் இருக்கு. மூச்சோட உள்ள போனா நுரையீரல்ல உக்காந்து ஆளையே சாய்ச்சிடும்."

"கேட்டீங்களா? ஊரிலேயே நம்ம மரத்துலதான்!" இஸ்திரித் துணி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். "இருபது வருஷமா இதுக்கடியிலதான் நிக்கிறேன். என்னை ஒண்ணும் பண்ணலையே!" சொல்லி முடிக்குமுன் இருமல் பிடித்துக்கொண்டது.

அவள் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை நீட்டினாள். "அண்ணே, இதுல கொஞ்சம் சளி துப்பித் தாங்க."

பொன்னுரங்கம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"என் பேரும் உங்க ஆராய்ச்சிப் புஸ்தகத்துல வருமாம்மா?"