ஐம்பதாவது தடவை

தூத்துக்குடி இருதயராஜ் நாற்பத்தொன்பது முறை ரத்ததானம் செய்தவர். அதைச் சொல்லாமல் தெருவில் யாரிடமும் பேச்சைத் தொடங்கியதில்லை. ஐம்பதாவதற்கென்று சட்டைகூடப் புதிதாக எடுத்திருந்தார். முகாமில் ஊசி குத்தி அரைமணி நேரமாகியும் பையில் ஒரு சொட்டு விழவில்லை.

"அண்ணாச்சி, போன மாசம் டான்சில் ஆபரேஷனுக்கு ரத்தம் வராம இருக்க மாத்திரை போட்டியளோ?" என்றாள் நர்ஸ் லீலா.

"ஒண்ணுதானம்மா போட்டேன்."

"ஒண்ணு போதுமே, ஆயுசுக்கும் வராது."

"அப்போ யாருக்காவது ரத்தம் வேணும்னா?"

"யாருக்கு வேணும்? ஊரே அந்த மாத்திரைதான போட்டிருக்கு. காலையிலேருந்து நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கிய."

ரத்தம் கொடுத்தவர்களுக்கான பிஸ்கட்டை அவள் நீட்டினாள். வாங்கலாமா கூடாதா என்று புரியாமல், ஊசி குத்திய இடத்தில் வெள்ளைப் பஞ்சை இறுக்கி அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார் இருதயராஜ்.