திருமலைக்கு ஒத்திகை

“அப்பிடி நேரா வந்து குந்தாதய்யா! தடவு. செவுத்தத் தடவிகினு வா!”

பக்கத்து வீட்டு விருத்தாம்பாளின் அதட்டல் கேட்டதும், கெங்கம்மாள் அரிசி களைவதை அப்படியே நிறுத்தினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது. சூம்பிய காலை இழுத்துக்கொண்டு போய் அதில் கண்ணை வைத்தாள்.

உள்ளே விருத்தாம்பாளின் புருஷன் திருமலை, காலைத் தொங்கவிட்டு நெய்கிற தறிக்குழியை ஒரே எட்டில் தாண்டினான். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தான். விருத்தாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஒரே தபாவுல சொம்ப எடுத்தா எவன்யா உன்னக் குருடன்னு நம்புவான்? ரெண்டு தபா தட்டி உருட்டணும். கதவு நெலையில தலைய இடிச்சிக்கணும். ஆர்.ஐ. வரச்சொல்லோ நீ விறுவிறுன்னு நடந்தே, பென்ஷன் கோவிந்தாதான்!”

“வலிக்குதுடி.”

“வலிக்கட்டும். இன்னொரு தபா இடி!”

கெங்கம்மாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அடப்பாவிகளா, பட்டப்பகலில் இப்படி ஒரு பித்தலாட்டமா! ஊனமுற்றோர் பென்ஷனுக்கு அவளும்தான் மனு போட்டாள். இளம்பிள்ளை வாதத்தில் போன கால் அவளுடையது, அதில் பொய் கிடையாது. போன வருஷம் தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. விசாரணைக்கு வந்த நேரம் பார்த்தா அவள் குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரோடு நொண்டி நொண்டி வர வேண்டும்? ‘வேலை செய்யும் திறன் உள்ளவர்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார் மகராசன். அவர் ஒப்புக்கொண்டால்தான் டாக்டரிடமே அனுப்புவார்கள்.

இந்தத் திருமலைக்கு என்ன கேடு? போன மாசம்கூட ஒரு பட்டுச்சேலை நெய்து முடித்தான். தறியில் உட்கார்ந்தால் பெண்டாட்டி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பாள். தெருவில் போனாலும் அவன் தோளை உரசிக்கொண்டுதான் வருவாள். ரெண்டு வருஷமாக இந்தக் கூத்துதான். ‘கல்யாணமாகிப் பதினஞ்சு வருசம் கழிச்சா ஆச வந்துச்சி?’ என்று தெருப் பெண்கள் கேலி செய்தால் ஒரு வெட்கம்கூடப் படமாட்டாள்.

“இருடி, இன்னிக்கி உன் குட்ட ஒடைக்கறேன்” என்று கறுவினாள் கெங்கம்மாள்.

மத்தியானம் அதே ஆர்.ஐ. சுப்பராயலு ஃபைலோடு வந்தார். திருமலை பாடம் பிசகாமல் செய்தான். சுவரைத் தடவினான், நிலையில் இடித்துக்கொண்டான், சொம்பைத் தட்டி உருட்டினான். கடைசியில் தறியில் போய் உட்கார்ந்தான். ஆர்.ஐ. உச்சுக்கொட்டியபடி பேனாவைத் திறந்தார்.

“எழுதாதீங்க சார்!” கெங்கம்மாள் உள்ளே நுழைந்து தறியோரம் போய் நின்றாள். “அத்தினியும் வேஷம். காலைலேந்து அவ சொல்லிக் குடுத்துகினு இருந்தா, என் கண்ணால பாத்தேன். தறியில பாதி சேல நிக்குது பாருங்க. கண்ணு தெரியாதவனா இத நெய்ஞ்சான்?”

விருத்தாம்பாளின் முகம் வெளுத்தது. “நாசமாப் பூடுவ கெங்காக்கா! உனுக்கு நாங்க இன்னா கெடுதி பண்ணோம்?”

“சொல்லிக் குடுத்தியா இல்லியாம்மா?” என்றார் ஆர்.ஐ.

அவள் தலை குனிந்தது. “குடுத்தேன் சார்.”

“பொய் மனுவா குடுக்கறீங்க? ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவேன்!”

கெங்கம்மாளுக்கு அதுவும் போதவில்லை. ஆர்.ஐ.யைப் பார்த்து, பேசாமலிருங்கள் என்று வாயில் விரலை வைத்துக் காட்டினாள். தறிமேல் கிடந்த கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் எடுத்தாள். திருமலையின் மூக்குக்கு நேரே, நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவின் நூலுக்கு நடுவே அதை விரித்து வைத்தாள். நெய்கிறவனுக்குப் பாவு உயிர் மாதிரி. அதில் ஒரு இழையை யாராவது தொட்டால் போதும், குழியிலிருந்து எகிறிவிடுவான்.

திருமலை அசையவில்லை. ஆர்.ஐ. குரல் வந்த பக்கம் கும்பிட்டபடி, “அவள வுட்டுடுங்க சார், தப்பு என்னுது” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

நடிப்பு எத்தனை நேரம் தாங்கும் என்று கெங்கம்மாள் கத்தரியை அழுத்தினாள். நறுக்!

“ஐயோ, பாவு! எங்க அறுந்துச்சி?” திருமலை பதறிப்போய் பாவின்மேல் கைகளை ஓட்டினான். அறுந்த இடம் அவன் மூக்குக்கு நேரே இருந்தது. அவன் விரல்கள் ஒரு முழம் தள்ளித் தேடின. அது காலையில் கற்றுக்கொண்ட தடவல் இல்லை.

கெங்கம்மாளின் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது. ஆர்.ஐ. குனிந்து திருமலையின் கண்முன்னே கையை ஆட்டிப் பார்த்தார்.

“நெசமாவே தெரியலியே! பின்ன சேலைய யாரும்மா நெய்ஞ்சது?”

“அவருதான் சார், கைப்பழக்கம். கலர நான் எடுத்துக் குடுப்பேன், நூலு அறுந்தா நான் முடிவேன். கண்ணு போச்சின்னு தெரிஞ்சா எந்த மொதலாளி பாவு குடுப்பாரு? இப்ப மொதலாளிக்கே சந்தேகம் வந்துடுச்சி. இதான் கடைசிப் பாவு.”

“அப்ப காலைல நடிக்கச் சொல்லிக் குடுத்தது?”

விருத்தாம்பாள் கெங்கம்மாளின் காலைப் பார்த்தாள். “இந்த அக்கா ஒரு கொடம் தூக்கனதுக்கே மனுவத் தள்ளிட்டீங்களே சார். அந்த பயம்தான். இவரு வூட்டுக்குள்ள அடிய எண்ணியே விறுவிறுன்னு நடப்பாரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“ரெண்டு வருசமா கண்ணு தெரியற மாதிரி நடிச்சவரு சார். அந்த நடிப்ப வுடத்தான் சொல்லிக் குடுத்தேன்.”