ஆரப்பாளையத்தில் ஜாவா

"மாப்ள, மொதல்ல எந்த லாங்குவேஜ் படிக்கணும்?" என்று அழகுபாண்டி அண்ணன் கேட்டபோது, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எங்கள் டீ இன்னும் வந்திருக்கவில்லை.

பதில் வந்துவிட்டது.

"சி," என்றேன் நான்.

"கோபோல்," என்றான் கிரிதரன், அதே நொடியில்.

நாங்கள் இருவரும் கணிதம் மூன்றாம் ஆண்டு. கல்லூரிக் கம்ப்யூட்டரைச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறோம். 1999இல் ஆலோசனை சொல்ல அது போதும்.

அண்ணன் எங்கள் கல்லூரியிலேயே போன வருடம் டிகிரி முடித்தவர். அன்றிலிருந்து உசிலம்பட்டி பஸ்ஸில் வருவதும், வேலை இல்லை என்று கேட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்புவதுமாக இருந்தார்.

இப்போது ஒரு கம்ப்யூட்டர் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். அன்று வியாழன். கம்ப்யூட்டரில் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"இதையும் விட்டேன்னா எங்கப்பா பூனாவுக்கு ஏத்தி விட்டுருவாருடா, சித்தப்பாகூட முறுக்குப் பிழிய."

"கம்பெனி பேரு என்னண்ணே?"

"இன்னும் வைக்கலடா."

"எந்த லாங்குவேஜ்னு அவுங்க சொல்லலையா?"

"அதை நீங்களே முடிவு பண்ணுங்கன்னுட்டாரு ஓனரு."

மரியாதையான கம்பெனி என்று நினைத்துக்கொண்டேன்.

கிரிதரன் முந்திக்கொண்டான். "கோபோல்தாண்ணே. இன்னும் ஆறு மாசத்துல ரெண்டாயிரம் பொறக்குது. ஒலகத்துல இருக்க கம்ப்யூட்டர் அம்புட்டும் தேதி தெரியாம முழிக்கப்போகுது. கோபோல் தெரிஞ்சவனை வீட்டுக்கே வந்து பிளேன்ல ஏத்திட்டுப் போவாய்ங்க."

"உசிலம்பட்டிக்கு டவுன் பஸ்ஸே ஒழுங்கா வராது," என்றேன். "நான் சொல்றதைக் கேளுங்கண்ணே."

சொன்னேன். தானாகப் படிக்கிறவன் எங்காவது மாட்டிக்கொள்ளத்தான் செய்வான். மாட்டிக்கொண்டால் கேட்பதற்கு ஆள் வேண்டும். சி என்றால் ஹாஸ்டலில் அறைக்கு ஒருவன் படிக்கிறான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனைக் கேட்டால்கூடப் பதில் வரும். தப்பாக வரலாம், ஆனால் வரும். ஆகவே ஊரில் நிறையப் பேருக்குத் தெரிந்தது எதுவோ, அதுதான் முதலில் படிக்க வேண்டிய லாங்குவேஜ்.

கிரிதரனே தலையாட்டினான். அவ்வளவு சரியாக நான் அதற்கு முன் எதையும் சொன்னதில்லை.

அண்ணனின் முகம் மட்டும் வாடிவிட்டது.

"அம்புட்டுப் பேருக்கா தெரியும்?"

"ஆமாண்ணே. நீங்க ஒரு புள்ளிய விட்டாக்கூட அங்கனயே சொல்லிப்புடுவாய்ங்க."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்ப ஒருத்தனுக்கும் தெரியாத லாங்குவேஜ் எதுடா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஜாவாண்ணே," என்றான் கிரிதரன். "புத்தம் புதுசு. மதுரையில புத்தகம் வாங்குனவன்கூட இன்னும் பிரிக்கலை."

"கேள்வி கேக்குற அளவுக்காச்சும் எவனுக்காவது தெரியுமா?"

"கேள்வி கேக்கவே ரெண்டு வருசம் ஆகும்ணே."

அண்ணனின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

நான் விடவில்லை. "மாட்டிக்கிட்டா யாரைக் கேப்பீங்க? கைதூக்கி விட ஒருத்தன் இருக்க மாட்டான்."

"கேக்க வேணாம்டா. எவனும் கையைத் தூக்காம இருந்தாலே போதும்."

போட்டியே இல்லாத இடமாகப் பார்த்துக் கால் வைக்கிறார், பிழைத்துக்கொள்வார் என்று தோன்றியது.

அவர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார். எழுந்து, வாயருகே கையைக் குவித்து, சாலையின் எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தினார்.

"அண்ணே! ஜாவா!"

எதிரே லாட்ஜ் மாடியில் சாய்த்திருந்த ஏணியில் ஒரு பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மஞ்சள் போர்டில் 'இங்கு' என்று ஒரு சொல். பிறகு நீளமாக ஓர் இடைவெளி. அதற்குப் பிறகு 'சிறந்த முறையில் கற்றுத் தரப்படும்'.

பீடியைச் சுண்டிவிட்டு, பிரஷ்ஷை நனைத்து, இடைவெளியில் அவர் ஜாவாவை எழுதினார். நன்றாகவே எழுதினார்.

"கீழ வாத்தியார் பேரு," என்று ஏணியிலிருந்து குரல் வந்தது. "அழகுபாண்டி, பி.எஸ்ஸி. விலங்கியல்னு போட்டுறவா?"

"விலங்கியல் வேணாம்ணே. பி.எஸ்ஸி.யோட நிறுத்திருங்க."

எங்கள் பக்கம் திரும்பியபோது அண்ணன் கொஞ்சம் உயரமாகியிருந்தார்.

"திங்கக்கெழமை பத்து மணிக்கு வந்துருங்க. உங்க ரெண்டு பேருக்கும் முன் பெஞ்சு," என்றார். "வகுப்புல மட்டும் அண்ணேன்னு கூப்புடாதீங்க மாப்ள. சார்னு கூப்புடுங்க."