ரவீந்திரன் வைத்த கஞ்சி

"நல்ல ஆம்பிளை வாற கதையாப் பாத்துத் தாரும் தங்கச்சி."

ஒவ்வொரு முறையும் நேசராஜா இதையேதான் கேட்பார்.

ஆறடி ஆள். முகம் நிறையத் தாடி. தெல்லிப்பழையில் லொறி ஓடியவர். தொண்ணூறில் சண்டை துவங்கியதும் மனைவியோடு ஓடிவந்து, உரும்பிராயில் யாரோ ஒருவரின் வளவுக்குள் கொட்டில் போட்டுக்கொண்டு, வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறார். வாசிகசாலைக்குப் பேப்பர் பார்க்க வருகிறவர்கள் அவரைக் கண்டதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கிழமைக்கு இரண்டு காதல் நாவல், அதுவும் ஐம்பது வயதில்.

புத்தகம் பதிந்து கொடுப்பவள் குணலட்சுமி. அவளுக்கும் அது பிடிக்கவில்லை. அலுமாரியில் இருந்த காதல் கதைகள் அவ்வளவையும் வாசித்து முடித்தவள் அவள். பெண்கள் வாசிக்கிற கதைகளுக்குள் இந்த மனிசனுக்கு என்ன அலுவல்?

மூன்று மாதத்தில் அலுமாரியில் நல்ல ஆம்பிளைகள் முடிந்துபோனார்கள். சண்டையில் யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டின பிறகு இந்தியாவிலிருந்து புதுப் புத்தகமும் வருவதில்லை.

"இதுதான் கிடக்கு" என்று ஒரு தடித்த நாவலை எடுத்து நீட்டினாள்.

பத்து நாளாகியும் அது திரும்பி வரவில்லை.

வாசிகசாலைத் தலைவர் கதிரவேலு பொறுமை இழந்துவிட்டார்.

"சனம் இருக்க இடமில்லாமல் அலையுது, உவர் காதல் கதை வாசிக்கிறார். எந்தப் பெட்டைக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறாரோ ஆருக்குத் தெரியும்? நீ போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வா. இனித் தரமாட்டம் எண்டும் சொல்லிப்போடு."

"ஓம்" என்றாள் குணலட்சுமி. சந்தோசமாகவே சைக்கிளை எடுத்தாள்.

நேசராஜா இருந்த வளவின் வாசல் படலையில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கொட்டில் வாசலில் நேசராஜா வாசித்துக்கொண்டிருந்தார். அதே லொறிக்காரக் குரல், ஆனால் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி. பக்கத்தில் அவர் மனைவி மியூரியல் தடவித் தடவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஷெல்லுக்குள் ஓடிவந்தபோது அவளுடைய கண்ணாடி உடைந்துபோனதாகவும், அது இல்லாமல் எழுத்துத் தெரியாதென்றும், வேறு செய்விக்க யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் வில்லை கிடைக்கவில்லையென்றும் யாரோ சொன்னது இப்போதுதான் குணலட்சுமிக்கு ஞாபகம் வந்தது.

அவர் வாசித்த பக்கம் அவளுக்கு மனப்பாடம். ரவீந்திரன் பசியோடு வீட்டுக்கு வருவான். மனைவி சுமதி காய்ச்சலில் கிடப்பாள். அடுப்பு மூட்டியிருக்காது. ஓங்கிக் கன்னத்தில் அறைவான். பிறகு அவள் காலடியில் இருந்து அழுவான். நாலு தரம் வாசித்திருக்கிறாள். நாலு தரமும் அவன் அழுகிற இடத்தில் அவளும் அழுதிருக்கிறாள்.

"பசியோடு வந்த ரவீந்திரன் சமையலறையை எட்டிப் பார்த்தான். அடுப்பு எரியவில்லை. சுமதி படுத்திருந்தாள். அவன்..."

நேசராஜா வாசிப்பை நிறுத்தினார்.

"என்ன, வெளிச்சம் காணாதே?" என்றாள் மியூரியல்.

"இல்லை, உதிலை எழுத்து மங்கலாக் கிடக்கு."

தாடியைச் சொறிந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வாசித்தார்.

"அவன் சுமதியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். 'நீர் எழும்பாதையும் சுமதி. கஞ்சி நான் வைக்கிறன்' எண்டான்."

இது புத்தகத்தில் இல்லை என்று குணலட்சுமிக்குத் தெரியும். ரவீந்திரன் சென்னைக்காரன். 'நீர் எழும்பாதையும்' என்று அவன் வாயில் வர நியாயமே இல்லை.

"பிறகு?" என்றாள் மியூரியல்.

"பிறகு... கஞ்சி வைச்சான். உப்புக் கூடிப் போச்சு. எண்டாலும் அவள் குடிச்சாள்."

குணலட்சுமி படலையைத் திறந்தாள். நேசராஜா பதறி எழும்பினார்.

"வாரும் தங்கச்சி. பிந்திப் போச்சு, தெரியும். இன்னும் எட்டுப் பக்கம்தான் கிடக்கு. இப்பவே வேணுமெண்டால்..."

புத்தகத்தை நீட்டினார்.

குணலட்சுமி அதை வாங்கவில்லை. நாலு தரம் வாசித்தும் அந்த அடியைத் தடுக்கலாம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இந்த மனிசனுக்குத் தோன்றியிருக்கிறது.

"ஆறுதலா முடிச்சுப்போட்டுத் தாங்கோ அண்ணை. தலைவரோடை நான் கதைக்கிறன். வேறை கதையும் எடுத்து வைக்கிறன்."

நேசராஜா புத்தகத்தை மூடி வைத்தார். "இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

மியூரியல் உரித்த வெங்காயத்தைச் சுளகில் போட்டாள்.

"பிள்ளை, நீர் உந்தப் புத்தகம் வாசிச்சிருக்கிறீரோ?"

குணலட்சுமிக்கு அந்த மனிசனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

"இல்லை அக்கா" என்று பொய் சொன்னாள்.

"நான் வாசிச்சிருக்கிறன். ஊரிலை இருக்கேக்கை ரண்டு தரம்."

குணலட்சுமி அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"அதிலை அவன் மூண்டு இடத்திலை அவளுக்குக் கை நீட்டுவான். போன கிழமை முதல் இடம் வந்தது, இவர் வாசிக்கேக்கை அவளுக்குச் சீப்பாலை தலை இழுத்துவிட்டான். முந்தநாள் ரண்டாவது இடம், குளிக்கத் தண்ணி அள்ளி வார்த்தான். இண்டைக்குக் கஞ்சி."

கிணற்றடியில் கப்பிச் சத்தம் நின்றது. மியூரியல் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியுமெண்டு அவருக்குச் சொல்லிப்போடாதையும், பிள்ளை. பிறகு வெக்கப்பட்டு, உள்ளதை உள்ளபடி வாசிக்கத் துவங்கிவிடுவார்."